விலகிச் செல்லாத கப்பல்

போர்க்கதைகளை இப்பக்கத்தில் எழுதுவது நமக்கு வழக்கமன்று. குண்டுகளும் பீரங்கிகளும் விமானங்களும் நிறைந்த வரலாறுகளை இளைஞர்கள் விரும்பிப் படிப்பார்கள். அவற்றை வெளியிடுவதற்கு வேறு இதழ்கள் உண்டு. ஆயினும், ஆண்டுதோறும் உயிர்ப்பு ஞாயிறு வந்து, அவ்வாரத்தின் வெள்ளிக்கிழமையும் வரும்பொழுது, ஒரு கப்பலின் நினைவு நம் உள்ளத்தில் எழுவதுண்டு. 1945ஆம் ஆண்டில் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 1ஆம் நாள் வந்தது. உலகெங்கும் கோவில் மணிகள் அல்லேலூயா பாடிய அந்தக் காலையில்தான் அமெரிக்கப் படைகள் சப்பானின் ஒக்கினாவாத் தீவில் இறங்கின. அதே வாரத்து வெள்ளியன்று பிற்பகலில் நாம் குறிப்பிடும் கப்பல் தன் முடிவை அடைந்தது. அதன் பெயர் எம்மன்ஸ். வாசக அன்பர்களுள் பலர் இப்பெயரைக் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். பெரும் போர்க்கப்பல்களின் பெயர்களையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. வழி துப்புரவு செய்தவற்றின் பெயர்களை யார் நினைக்கிறார்கள்?

எம்மன்ஸ் ஒரு நாசகாரிக் கப்பல். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பாத் என்னும் ஊரிலுள்ள கப்பல் கட்டும் தளத்தில் உருவாயிற்று. 348 அடி நீளம். 1,630 டன் எடை. மணிக்கு 37 கடல் மைல் வேகம். 1941 ஆகஸ்டு 23ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டு, அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கடற்படைப் பணியில் சேர்ந்தது. இரண்டே நாள் கழித்து முத்துத் துறைமுகத்தின்மீது சப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அமெரிக்கா போரில் இறங்கிற்று. போர்க்கோலம் பூண்டு நிற்பதற்கு அக்கப்பலுக்குக் கிடைத்த அமைதிக்காலம் அந்த இரண்டு நாள்களே.

அதற்குப் பெயர் கொடுத்தவர் ஜார்ஜ் பாஸ்டர் எம்மன்ஸ் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடற்படை அதிகாரி. 1838 முதல் 1842 வரை பசிபிக் பெருங்கடலை ஆராய்ந்து படம் வரையச் சென்ற அமெரிக்கக் குழுவில் ஒருவர் அவர். இரசியாவிடமிருந்து அலாஸ்காவை அமெரிக்கா விலைக்கு வாங்கியபொழுது, 1867இல் அதனை ஏற்றுக்கொள்ளச் சென்ற அதிகாரிகளைச் சிட்கா துறைமுகத்தில் சேர்ப்பித்த கப்பலின் தலைவரும் அவரே. தெரியாத கடலில் வழி கண்டவரின் பெயர், பின்னாளில் வழி துப்புரவு செய்யும் பணிக்கு மாற்றப்பட்ட கப்பலுக்கு வாய்த்தது. கப்பலுக்குப் பெயரிட்டவர்கள் அதனை எண்ணியிருக்க முடியாது.

முதல் மூன்றாண்டுகளும் அதன் பணி அட்லாண்டிக் பெருங்கடலிலும் மத்தியதரைக் கடலிலும் நடந்தது. 1942 நவம்பரில் மொராக்கோக் கரையில் நேசப்படைகள் இறங்கியபொழுது துணை நின்றது. 1943இல் ஸ்காட்லாந்தின் வடக்கே, ஸ்காப்பா புளோத் துறையில் பிரிட்டிஷ் கப்பற்படையுடன் சேர்ந்து குளிர்க்கடல்களில் காவல் சுற்றியது. அந்நாள்களில் ராட்மன், எல்லிசன், மாக்கோம் என்னும் கப்பல்கள் அதனுடன் ஒரே அணியில் இருந்தன. இவற்றுள் முதலிரண்டு பெயர்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஓர் ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைப் போல் இக்கப்பல்கள் ஒரே துறையில் நங்கூரமிட்டு, ஒரே கடலில் காவல் செய்து பழகியவை.

1944 மே மாதத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்குச் சொல்லாமல் கடக்க நமக்கு மனமில்லை. அல்ஜீரியாவின் கரையோரத்தில் யு 616 என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கி சரக்குக் கப்பல்களைத் தாக்கிற்று. எம்மன்ஸ், ராட்மன், எல்லிசன் உள்ளிட்ட எட்டு நாசகாரிக் கப்பல்கள் மூன்று நாள் இரவும் பகலுமாக அதனைத் தேடின. நீருக்கடியில் காற்றும் மின்விசையும் தீர்ந்துபோன நீர்மூழ்கி, மே 17ஆம் நாள் மேலே எழுந்தது, அதிலிருந்தோர் கடலில் குதித்தனர், கப்பல் மூழ்கியது. ஐம்பத்து மூன்று பேர் அதிலிருந்தனர். ஐம்பத்து மூவரும் உயிருடன் மீட்கப்பட்டனர். கொல்லுவதற்கே மூன்று நாள் துரத்தியவர்கள், துரத்தல் முடிந்த நொடியில் கயிறு வீசிக் கரையேற்றுகிறார்கள். போர்க்கடலில் இவ்வாறு முடிந்த கதைகள் மிகச் சிலவே.

அடுத்த மாதம் நார்மண்டி. 1944 ஜூன் 6ஆம் நாள் ஒமாஹா என்று குறிப்பெயரிடப்பட்ட கடற்கரையின் முன்னே நின்ற நாசகாரிக் கப்பல்களுள் எம்மன்சும் ஒன்று. மணலில் வீழ்ந்து கிடந்த காலாட்படைக்குத் துணையாக அந்தக் கப்பல்கள் தரைதட்டும் அச்சத்தையும் பொருட்படுத்தாமல் கரைக்கு மிக அருகே சென்று சுட்டன. அக்கடற்கரைக்கு மேலே மேட்டில் கொல்வில் என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூர்க் கோவிலின் மணிக்கூண்டில் ஜெர்மானிய நோக்கர்கள் இருக்கிறார்கள் என்று கருதி, நேச நாட்டுப் போர்க்கப்பல்கள் அதனைச் சுட்டு வீழ்த்தின. பங்கு மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திருமுழுக்குப் பெற்ற கோவில் ஒரே நாளில் இடிபாடாயிற்று. போருக்குப் பின் அதனை மறுபடியும் எழுப்பினார்கள். விடுதலை செய்ய வந்தவர்களின் குண்டுகளும் கோவில்களை இடிக்கும் என்பதை மறைத்து எழுதுவது நேர்மையன்று.

செர்பூர்த் துறைமுகத்தின் முன் ஒரு சண்டை, ஆகஸ்டில் தென் பிரான்சில் மற்றொரு தரையிறக்கம். அவற்றோடு ஐரோப்பியக் கடலில் அதன் வேலை முடிந்தது. அதன்பின் எம்மன்ஸ் தாயகம் திரும்பிற்று. 1944 நவம்பர் 15ஆம் நாள் முதல் அது கண்ணி வாரும் நாசகாரிக் கப்பல் என்று வகை மாற்றப்பட்டது. டார்பிடோக் குழாய்களைக் கழற்றினார்கள். பின்புறத்தில் இருந்த ஒரு பெரிய பீரங்கியையும் எடுத்துவிட்டார்கள். அவ்விடத்தில் எஃகு வடங்களும் உருளைகளும் மிதவைகளும் வந்து அமர்ந்தன. ராட்மனுக்கும் எல்லிசனுக்கும் இதே மாற்றம் நேர்ந்தது.

கண்ணி வாருதல் எத்தகைய வேலை என்பதைச் சிறிது விளக்கினால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும். கடற்கண்ணி என்பது வெடிமருந்து நிறைந்த இரும்புக் கோளம். கடலடியில் ஒரு பாரத்தை நிறுத்தி, அதிலிருந்து வடம் கட்டி, நீர்மட்டத்துக்குச் சிறிது கீழே கண்ணுக்குப் புலப்படாமல் மிதக்குமாறு விட்டிருப்பார்கள். கோளத்தின்மீது கொம்புகள் போல் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் ஒன்று கப்பலின் அடிப்பாகத்தில் பட்டு நசுங்கினாலும் போதும், வெடித்துவிடும். இவற்றை அகற்றும் முறையை முதலில் கற்றுக்கொடுத்தவர்கள் கடற்படைத் தளபதிகள் அல்லர், மீனவர்கள். இங்கிலாந்தின் கரையோரத்தில் இழுவலை வீசும் படகுகள் முதல் உலகப்போருக்கு முன்பே இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நம் கடற்கரை ஊர்களில் விசைப்படகுகள் மடி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மடியின் வாய் விரிந்து நிற்பதற்காக இருபுறமும் பலகை கட்டுகிறார்கள் அல்லவா? நீரின் விசை அப்பலகைகளைப் பக்கவாட்டில் தள்ள, மடி அகன்று விரிகிறது. கண்ணி வாரும் கப்பலும் அவ்வாறே. பின்புறத்திலிருந்து நீண்ட எஃகு வடத்தை இழுத்துச் செல்கிறது. அதன் முனையிலுள்ள பலகைக் கருவி வடத்தைப் பக்கவாட்டில் விரிக்கிறது. மேலே ஒரு மிதவை அதன் இடத்தைக் காட்டுகிறது. மடிக்குப் பதிலாக அவ்வடத்தில் வெட்டும் பற்கள். கண்ணியின் வடம் அதில் சிக்கி அறுந்தால், கோளம் நீர்மட்டத்துக்கு எழும்பும். தொலைவிலிருந்து சுட்டு அதனை வெடிக்கச் செய்வார்கள்.

சொல்லுவதற்கு எளிது. வடமோ கப்பலின் பின்னால் விரிகிறது. கப்பலின் முன்முனை போவது இன்னும் வாரப்படாத நீரில். முதலாவதாகச் செல்பவனுக்கு எவரும் வழி துப்புரவு செய்து வைக்கவில்லை. வடத்தை இழுக்கும்பொழுது விரைந்து ஓடவும் முடியாது, நினைத்த திசையில் திரும்பவும் முடியாது. வேகமே தன் காப்பு என்று கட்டப்பட்ட கப்பலுக்கு, வேகத்தைக் குறைத்து நேர்கோட்டில் செல்லும் வேலை. பெரும் கப்பல்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னதாக வந்து, எதிரியின் கரைக்குக் கண்ணெதிரே இதனைச் செய்ய வேண்டும். கப்பல்கள் வந்து படைகள் இறங்கி வெற்றி முழக்கம் எழும்பொழுது, வாரிய கப்பல் வேறொரு மூலையில் அடுத்த நீரை வாரிக்கொண்டிருக்கும். வீட்டில் விருந்து நடக்கையில் கொல்லைப்புறத்தில் பாத்திரம் துலக்குபவரை யார் நினைக்கிறார்?

ஒக்கினாவாவில் அவ்வாறே நடந்தது. 1945 மார்ச் மாதத்தின் இறுதி வாரத்தில், அதாவது புனித வாரத்தில், எம்மன்சும் அதன் துணைக்கப்பல்களும் தீவைச் சுற்றிலும் வாரத் தொடங்கின. அந்நீரில் கண்ணிகள் உண்மையாகவே இருந்தன. மார்ச் 26ஆம் நாள் ஹாலிகன் என்னும் நாசகாரிக் கப்பல் கண்ணியில் மோதி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரை இழந்தது. 28ஆம் நாள் ஸ்கைலார்க் என்னும் சிறிய கண்ணிவாரி கண்ணியால் மூழ்கியது. அதன்பின் வந்த ஞாயிறன்று, அவர்கள் திறந்துவைத்த நீரின் வழியாகப் படைகள் கரையில் இறங்கின. அன்று காலை கப்பல்களில் உயிர்ப்பு ஞாயிற்றுத் திருப்பலி கண்டு இறங்கியவர்களும் அப்படையில் இருந்தனர். முதல் நாளில் எதிர்ப்பு ஏதும் பெரிதாக இல்லை. எல்லாரும் வியந்தார்கள். எதிர்ப்பு வேறு இடத்தில் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 6. சப்பானியர் அன்றைய தாக்குதலுக்குக் 'கிக்குசுய்' என்று பெயரிட்டிருந்தனர். நீரில் மிதக்கும் செவ்வந்தி என்று பொருள். ஏறத்தாழ 700 விமானங்கள் அன்று புறப்பட்டன. அவற்றுள் 355 விமானங்கள் திரும்பி வருவதற்காகப் புறப்படவில்லை. ஓட்டியவன் விமானத்தோடு கப்பலின்மீது மோதி மடிய வேண்டும் என்பதே ஏற்பாடு. இதற்குக் 'காமிகாசே', தெய்வக்காற்று என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர் கடல்வழிப் படையெடுத்தபொழுது அவர்களுடைய கப்பல்களைச் சிதறடித்த புயல்களுக்கு வழங்கிய பழைய பெயர் அது. அவ்விமானங்களுள் பல கியூசுத் தீவின் தென்முனையிலிருந்து எழும்பின. நம் முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்த புனித பிரான்சிஸ் சவேரியார், 1549 ஆகஸ்டு 15ஆம் நாள் சப்பானில் முதன்முதலாகக் கால்வைத்த ககோசிமா அந்தத் தென்முனையில்தான் இருக்கிறது.

அன்று எம்மன்சும் ராட்மனும் ஒக்கினாவாவின் வடமேற்கே, இயே தீவுக்கும் இஹெயாத் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடலில் இருந்தன. சிறிய கண்ணிவாரிகள் வேலை செய்துகொண்டிருக்க, பீரங்கி உடைய இவ்விரண்டும் அவற்றுக்குக் காவல். பிற்பகல் மூன்றரை மணி அளவில் மேகத்திலிருந்து இறங்கிய ஒரு விமானம் ராட்மனின் முன்முனையில் மோதிற்று. அதன் குண்டு கப்பலின் அடியில் வெடித்தது. ராட்மன் தீப்பிடித்துத் தடுமாறி நின்றது.

இந்த இடத்தில்தான் நாம் சிறிது நிற்க விரும்புகிறோம். எம்மன்சுக்கு ஒன்றும் நேரவில்லை. இயந்திரங்கள் முழு வலிமையுடன் இருந்தன. 37 கடல் மைல் வேகத்தில் வளைந்து நெளிந்து ஓடும் கப்பலின்மீது மோதுவது எளிதன்று. அக்கப்பல்களின் உயிர்காப்பே அந்த ஓட்டந்தான். எம்மன்ஸ் ஓடவில்லை. ராட்மனைச் சுற்றி வட்டமிடத் தொடங்கிற்று. புண்பட்ட கப்பலுக்கும் வானத்துக்கும் நடுவே தன் பீரங்கிகளை வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து சுட்டது. அமெரிக்க விமானங்களும் உதவிக்கு வந்தன. அவையும் இக்கப்பலும் பல விமானங்களை வீழ்த்தின. ஆனால் வந்துகொண்டிருந்தவற்றின் எண்ணிக்கை வீழ்த்தியவற்றைவிட மிகுதி. ஒரே இடத்தைச் சுற்றிவரும் கப்பல் எங்கே போகும், எப்பொழுது எங்கே இருக்கும் என்பது மேலேயிருந்து பார்ப்பவனுக்கு விளங்காமல் போகாது.

ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஐந்து விமானங்கள் எம்மன்சின்மீது மோதின. ஒன்று பின்புறத்தைச் சிதைத்தது. கப்பலைச் செலுத்தும் மேடையின் பக்கத்தில் ஒன்று. போர்ச்செய்திகளைத் திரட்டும் அறையில் ஒன்று. ஒரு பீரங்கியின்மேல் ஒன்று. நீர்மட்டத்தை ஒட்டி ஒன்று. திசைதிருப்பும் சுக்கானும் கட்டளை இடும் மேடையும் ஒருங்கே போயின. கப்பல் தலைவர் படுகாயமுற்றார். பொறுப்பு அவருக்கு இளைய அதிகாரியின் தோளில் விழுந்தது. வெடிமருந்து தீயில் வெடிக்க வெடிக்க, இருந்தவர்கள் தீயை அணைக்கப் போராடினார்கள். எரியும் குண்டுகளைக் கையால் தூக்கிக் கடலில் எறிவது அத்தகைய வேளைகளில் மாலுமிகளின் வேலை. எத்துணைப் பயிற்சி இருந்தாலும் அதற்கு மனிதன் பழகிவிட முடியாது. மாலையில் கப்பலைக் கைவிடக் கட்டளை பிறந்தது. அருகிலிருந்த சிறிய கப்பல்கள் வந்து, உயிருடன் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டன. அறுபது பேர் இறந்தனர். எழுபத்தேழு பேர் காயமுற்றனர்.

ராட்மன் தப்பியது. இன்னும் இரண்டு விமானங்கள் அதன்மீது மோதியும், பதினாறு பேர் மாண்டும், இருபது பேர் காயமுற்றும், மூழ்காமல் கெராமாத் தீவுகளை அடைந்து, செப்பனிடப்பெற்று, மீண்டும் பல ஆண்டுகள் கடலில் ஓடிற்று.

எம்மன்ஸ் அன்றிரவும் மூழ்கவில்லை. ஆளற்ற கப்பல் எரிந்தபடியே இருளில் மிதந்து, எதிரியின் வசமிருந்த கரையை நோக்கி நகர்ந்தது. அதிலிருந்த கருவிகளும் ஏடுகளும் எதிரியின் கைக்குப் போய்விடலாகாது என்பதற்காக, மறுநாள் ஏப்ரல் 7ஆம் நாள் அதனைச் சுட்டு மூழ்கடிக்கும்படி கட்டளை வந்தது. சுட்டது எல்லிசன். ஸ்காப்பா புளோவிலும் அல்ஜீரியக் கரையிலும் நார்மண்டியிலும் உடன் நின்ற அதே எல்லிசன். அதன் பீரங்கிகளுக்குப் பின்னே நின்றவர்களுள், எம்மன்சில் நண்பர்களை உடையவர்கள் எத்தனை பேரோ! அதே நாளில், வடக்கே சில நூறு மைல் தொலைவில், உலகத்திலேயே பெரிய போர்க்கப்பலாகிய யமாட்டோவும் அமெரிக்க விமானங்களால் மூழ்கிற்று. அதிலிருந்த இரண்டாயிரத்துக்கும் மிகுதியான சப்பானியர் மாண்டனர். அன்றைய செய்தித்தாள்களில் யமாட்டோவுக்கு இடமிருந்தது.

கணக்குப் பார்ப்பவர்கள் ஒன்று கேட்பார்கள். ராட்மனில் இறந்தவர் பதினாறு. அதனைக் காக்க நின்ற எம்மன்சில் இறந்தவர் அறுபது. காத்தவனுக்குக் காக்கப்பட்டவனைவிட இழப்பு மிகுதி. அத்தலைவர் தம் கப்பலையும் ஆட்களையும் எண்ணி விலகிச் சென்றிருக்கலாகாதா? இக்கேள்வியை நாம் எளிதில் ஒதுக்கிவிடவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களுக்குப் பொறுப்பானவர் ஒருவர், தம் ஒருவர் உயிரைக் கொடுப்பதுபோல் மற்றவர்களின் உயிரையும் கொடுத்துவிட முடியாது. அந்த அறுபது பேரிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. இயந்திர அறையில், வானத்தையே காணாமல் நின்றவர்களுக்குத் தங்கள் கப்பல் வட்டமிடுகிறது என்பதுகூட, தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்ததால் மட்டுந்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் இக்கணக்கில் ஒரு பிழை உண்டு. எம்மன்ஸ் விலகியிருந்தால் ராட்மனில் இறந்திருக்கக்கூடியவர் பதினாறு பேர் அல்லர். ஓட முடியாத கப்பலின்மீது அந்த ஐந்து விமானங்களும் இறங்கியிருந்தால் அதில் எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள்? நடக்காமற்போன சாவுகளை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை. அன்றியும், காவலுக்கு நின்ற சிறிய கண்ணிவாரிகள் அருகிலேயே இருந்தன. அவற்றில் பெரிய பீரங்கி இல்லை. எம்மன்ஸ் ஓடியிருந்தால் அவை என்ன செய்யும்? தலைவர் இவற்றையெல்லாம் எடையிட்டுப் பார்க்க அவருக்குக் கிடைத்தவை சில நொடிகளே. அவர் எண்ணிச் செய்தார் என்று சொல்வதைவிட, வேறு எதுவும் அவருக்குத் தோன்றவில்லை என்று சொல்வதே பொருந்தும் என்று நமக்குப் படுகிறது. மூன்றாண்டு காலம் பக்கத்தில் நின்ற கப்பல் எரிகிறது, சுற்றி நிற்கிறோம். அவ்வளவே.

இன்னொரு சொல்லைப் பற்றியும் நமக்குச் சற்று மனத்தாங்கல் உண்டு. இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர், எம்மன்சின் மாலுமிகளையும் 'தியாகிகள்' என்கின்றனர். மோதி மடிந்த விமானிகளையும் 'தியாகிகள்' என்கின்றனர். இரண்டு இடத்திலும் ஒரே சொல் பொருந்துமா? கப்பலில் இருந்தவர்கள் சாக விரும்பவில்லை. வாழ வேண்டும், பக்கத்துக் கப்பலும் வாழ வேண்டும் என்றே சுட்டார்கள். விமானத்தில் வந்தவனுக்கோ சாவே கட்டளை. அவனைப் பழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. அவர்களுள் மிகப் பலர் இருபது வயதை ஒட்டியவர்கள். கல்லூரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவர்களும் உண்டு. விருப்பத்துடன் முன்வந்தார்கள் என்று ஏடுகள் சொல்லும். மேலதிகாரி முன் வரிசையில் நிறுத்திக் கேட்கும்பொழுது 'இல்லை' என்று சொல்லக்கூடிய இருபது வயதுப் பிள்ளை எத்தனை பேர்? பிள்ளை பெற்றவர்கள் இதற்கு விடை சொல்லட்டும். தன் உயிரைக் கொடுப்பது ஒன்று. பிறன் ஒருவன் கொடுக்கும்படி கட்டளையிட்டுவிட்டு, அதற்கு அழகிய பூவின் பெயரை வைப்பது முற்றிலும் வேறு. அப்பெயரைச் சூட்டியவர்களுள் பலர் அந்த விமானங்களில் ஏறவில்லை.

ஒக்கினாவாப் போர் ஜூன் இறுதி வரை நடந்தது. அமெரிக்கக் கடற்படை மட்டும் அங்கே 36 கப்பல்களையும் ஏறத்தாழ 4,900 பேரையும் இழந்தது. தீவின் குடிமக்களோ, குகைகளிலும் வயல்களிலுமாக, ஒரு லட்சத்தை ஒட்டிய எண்ணிக்கையில் மடிந்தனர். இவர்களை எண்ணாமல் கப்பல்களை மட்டும் எண்ணுவது கணக்காகாது. 1995இல் அத்தீவின் தென்கோடியில் சப்பானியர் நினைவுக் கற்களை எழுப்பினார்கள். அப்போரில் மடிந்தவர்களின் பெயர்களை, நண்பன் பகைவன், படைவீரன் குடியானவன் என்று பாராமல் அவற்றில் பொறித்திருக்கிறார்கள். 2,40,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றுள் அமெரிக்கர்களுடையவை மட்டும் 14,000க்கு மேல்.

எல்லிசன் பிழைத்தது. போர் முடிந்து ஒன்பது ஆண்டு கழித்து, 1954 அக்டோபரில், அமெரிக்கா அதனைச் சப்பானியக் கடற்படைக்கே கொடுத்தது. எம்மன்சைச் சுட்டு மூழ்கடித்த அதே பீரங்கி மேடைகளில் சப்பானிய மாலுமிகள் நின்றார்கள். கப்பலுக்கு 'அசக்காசே' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். காலைக்காற்று என்று பொருள். அதே கடற்படைக்கு மாக்கோமும் போயிற்று. ராட்மன் 1955இல் தைவானுக்குச் சென்றது.

எம்மன்ஸ் எங்கே கிடக்கிறது என்பது ஐம்பத்தைந்து ஆண்டுகள் தெளிவாகத் தெரியாமலிருந்தது. 2000ஆம் ஆண்டில் சப்பானியக் கடலோரக் காவற்படை, ஒக்கினாவாவின் வடபுறத்திலுள்ள கோவுரித் தீவுக்கு அருகே, நாற்பது மீட்டருக்கும் மிகுதியான ஆழத்தில் அதனைக் கண்டது. கப்பல் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது. பின்புறம் சிதைந்திருக்கிறது, முன்புறத்துப் பீரங்கிகள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மூழ்கிய போர்க்கப்பல்களை எவரும் தொட்டுக் கலைக்கக் கூடாது என்று அமெரிக்கா 2004இல் சட்டம் செய்திருக்கிறது; ஆகவே அது கல்லறையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஒக்கினாவாவில் வாழும் அமெரிக்க முக்குளிப்போர், இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த தகடு ஒன்றைக் கீழே கொண்டுபோய் வைத்தனர். அங்கே இறங்கிப் பார்த்தவர்கள், கப்பலின் அருகே மணலில் விமானங்களின் இயந்திரங்களும் கிடக்கக் கண்டனர். அறுபது மாலுமிகளும், அவர்கள்மீது மோதியவர்களும், ஒரே மணலில்.

2005இல் கோவுரித் தீவுக்குக் கடலின்மேல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலம் ஒன்று கட்டி முடித்தார்கள். நீர் அங்கே பளிங்குபோல் இருக்கும். விடுமுறை நாள்களில் குடும்பங்கள் குழந்தைகளோடு அப்பாலத்தின் வழியாகத் தீவுக்குப் போய் வருகிறார்கள்.